அக்னிபுத்திரனும் உப்பளத்துக் கூலியும்

மரக்காணம் கரையில் உப்பள வேலை அறிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். பாத்தியில் உவர்நீரைத் தேக்கி, வெயிலுக்காக நாள்கணக்கில் காத்திருந்து, உப்பு விளைந்துவரும் வேளையில் ஒரு மழை பெய்துவிட்டால் பாடெல்லாம் கரைந்துபோகும். திரைப்படங்களும் இவ்வாறு கரைந்துபோவதுண்டு. 1986-ஆம் ஆண்டு மே 29 அன்று வெளிவந்த 'விக்ரம்' அத்தகையது.

அப்படத்தின்மீது தமிழ் மக்கள் வைத்திருந்த எதிர்பார்ப்பு சிறிதன்று. கமல்ஹாசன் தம் சொந்த நிறுவனத்தின் வாயிலாகத் தயாரித்து நடித்தார், ராஜசேகர் இயக்கினார், இளையராஜா இசையமைத்தார். கதை எழுதிய சுஜாதாவோ, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராயிருந்து, மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கேற்றவர். படம் வளர்ந்து வந்த காலத்திலேயே கதை 'குமுதம்' இதழில் தொடராக வெளிவந்தது. கணிப்பொறியைக் கண்ணால் கண்டிராதவர்களும் வாரந்தோறும் அதைப் படித்தனர்.

'அக்னிபுத்திரன்' என்னும் ஏவுகணை கடத்தப்படுகிறது. உளவுத்துறை வீரன் விக்ரமின் மனைவி கொல்லப்படுகிறாள். துயரத்தை நெஞ்சில் சுமந்தபடி அவன் ஏவுகணையைத் தேடிப் புறப்படுகிறான். நம் நாட்டின் உண்மையான 'அக்னி' ஏவுகணை 1989 மே 22 அன்றுதான் முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது என்பதை எண்ணினால், அக்கற்பனையின் துணிவு விளங்கும்.

ஆயினும் படம் எதிர்பார்த்த வெற்றியை அடையவில்லை. முற்பகுதியின் விறுவிறுப்பைப் புகழ்ந்தவர்களே பிற்பகுதியைக் குறை கூறினர். தேடல் 'சலாமியா' என்னும் கற்பனை நாட்டினுள் நுழைந்ததும், அரசனும் இளவரசியும் பாடல்களும் நகைச்சுவையும் முன்னே வந்தன. ஏவுகணை பின்னே போயிற்று. மனைவியை இழந்தவனின் வேதனையும் மறைந்தது. துரத்துகிறவன் எதற்காகத் துரத்துகிறான் என்பது மறந்துபோனால், பார்ப்பவனின் நெஞ்சு பதறுமோ? விளைந்துவந்த பாத்தியில் மழைநீர் புகுந்த கதைதான்!

அப்போது நான் பள்ளி மாணவன். மழைக்காலம் தொடங்குமுன் அப்படம் எங்கள் பக்கத்துக் கொட்டகைக்கு வந்தது. உப்பளத்தில் வேலை செய்த என் தந்தை, அன்றைய கூலியிலிருந்து எடுத்துக் காசு கொடுத்தார். நானோ ஏமாற்றத்தோடு திரும்பினேன். "படம் எப்படிடா?" என்று அவர் கேட்டபோது, கொடுத்தவர் மனம் நோகுமே என்று அஞ்சி, "ரொம்ப நல்லா இருந்ததுப்பா" என்றேன்.

என் சொல்லை நம்பி, மறுவாரம் அவர் அம்மாவையும் அழைத்துக்கொண்டு சென்றார். நள்ளிரவில் திரும்பியவர் கோபிக்கவில்லை. உப்பு அரித்த பாதங்களைக் கழுவிக்கொண்டே, "பாதிக்குமேல நல்லா இல்லைன்னு சொல்லியிருக்கலாமேடா" என்றார், அவ்வளவே. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் பொய், வெயிலில் நின்று அவர்கள் ஈட்டிய இருவர் கூலியைத் தின்றுவிட்டதன்றோ!

திறனாய்வு என்பது பண்டிதர்களின் பொழுதுபோக்கன்று என்று அன்றுதான் உணர்ந்தேன். ஒரு படத்தைப் பற்றி நாம் கூறும் சொல்லை நம்பி, ஓர் ஏழை தன் உழைப்பின் பயனைச் செலவிடுகிறான். ஆகவே பொய்ப்புகழும் பாவமே; நல்லதை மறைத்து ஒரேயடியாகத் தூற்றுவதும் அநீதியே. எது நன்று, எவ்விடத்தில் கெட்டது, ஏன் கெட்டது என்று அளந்து சொல்வதே நேர்மை. என் தந்தை கூறிய "பாதிக்குமேல" என்ற ஒரு சொல்லில் அந்த அளவு முழுதும் இருந்தது.

காலமும் தன் தீர்ப்பை வழங்கியது. குறைகளுக்கிடையே புதியதொன்றை முயன்ற படமென்று பின்னாளில் பலர் அதை மதித்தனர். சுஜாதா 2008-இல் மறைந்தார். அவர் வசனத்தில் பங்கேற்ற 'எந்திரன்' 2010-இல் வெளிவந்து, தமிழில் அறிவியல் படம் பெருவெற்றி காண முடியும் என்று காட்டியது. 2022-இல் லோகேஷ் கனகராஜ் இயக்க, அதே கமல்ஹாசன், 'விக்ரம்' என்ற அதே பெயரில் வேறொரு படம் தந்து வென்றார். கரைந்த பாத்தியை உப்பளத்தான் கைவிடுவதில்லை. நீரை வடித்து, மீண்டும் மிதித்துச் சீராக்குகிறான்.

அன்புப் பெற்றோரே, படம் பார்த்துத் திரும்பும் பிள்ளையிடம், "எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். அத்தோடு நில்லாமல், "எதுவரை நன்றாயிருந்தது?" என்றும் கேளுங்கள். உண்மையை அளந்து சொல்லப் பிள்ளை அங்கே கற்றுக்கொள்வான்.