பெரிய மீன் தொட்டி அமைத்தல்: திட்டமிடலும் நைத்திரசன் வட்டமும்

மாணவர்களே, "அலங்கார மீன் தொட்டி ஒன்றை அமைக்கும் படிமுறைகளைக் காரணங்களுடன் எழுதுக" என்று வினவினால், பலர் தொட்டி, நீர், மீன் என மூன்று வரிகளில் விடையை முடித்துவிடுகின்றனர். வீட்டிலும் அவ்வாறே செய்தால் சில நாட்களிலேயே மீன்கள் இறக்கத் தொடங்கும். தொட்டி பெரிதாக இருப்பதால் மட்டும் இது தவிர்க்கப்படுவதில்லை. எனவே ஒவ்வொரு படிமுறையையும் அதன் காரணத்துடன் கற்றுக்கொள்ளுங்கள்.

1. இடமும் திணிவும்

120 ச.மீ. நீளமும் 45 ச.மீ. அகலமும் 50 ச.மீ. உயரமும் உடைய தொட்டி ஒன்றைக் கருதுவோம். கண்ணாடியின் தடிப்பு 1 ச.மீ. அடியில் 5 ச.மீ. உயரத்துக்கு ஆற்றுப் பரல் இட்டு, அதற்கு மேல் 40 ச.மீ. உயரத்துக்கு நீர் நிரப்புகிறோம்.

பரலுக்கு மேலுள்ள நீர் = 120 × 45 × 40 = 216,000 கன ச.மீ. = 216 இலீற்றர்
அதன் திணிவு = 216 கிலோகிராம்
பரலும் அதன் இடைவெளிகளிலுள்ள நீரும் = ஏறத்தாழ 50 கிலோகிராம்
கண்ணாடி = ஏறத்தாழ 55 கிலோகிராம்
மொத்தம் = ஏறத்தாழ 320 கிலோகிராம்

இது வளர்ந்தவர் ஐவரின் நிறையிலும் கூடியது. சாதாரண மேசை இதனைத் தாங்காது. மட்டமான சீமெந்துத் தரையில் உறுதியான தாங்கி தேவை. தொட்டியின் அடியில் ரெஜிபோம் தகடு விரித்தால் நிறை சீராகப் பரவும். கண்ணாடி வெடிக்கும் அபாயம் குறையும். நேரடிச் சூரிய ஒளி படும் இடத்தைத் தவிர்க்கவும். அங்கு அல்கா பெருகும். நீரின் வெப்பநிலையும் உயரும்.

கவனிக்க: மின்கம்பி குதையைவிடத் தாழ்வாக வளைந்து பின்னர் மேலே செல்ல வேண்டும். அப்போது கம்பி வழியே வழியும் நீர் குதையினுள் செல்லாது. கையை நீரில் இடுமுன் ஆளியை நிறுத்தவும்.

2. நீர்

குழாய் நீரிலுள்ள குளோரீன் மீனின் பூக்களைப் பாதிக்கும். பயன்தரும் பற்றீரியாக்களையும் கொல்லும். அகன்ற பாத்திரத்தில் 24 மணிநேரம் வளியூட்டி வைத்தால் குளோரீன் வெளியேறும். சோடியந் தயோசல்பேற்றும் பயன்படுத்தலாம்.

கிணற்று நீரில் குளோரீன் இடப்படாவிடின் அப்பிரச்சினை இல்லை. ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீர் வன்மையானது. கப்பி, மொலி, பிளாற்றி ஆகியன இந்நீரில் நன்கு வாழும். எமது நாட்டுக்கே உரிய செரி பார்ப் மீன் தென்மேல் ஈரவலயத்தின் நிழலான சிற்றோடைகளுக்கு உரியது. அதற்கு மென்னீரே உகந்தது. எனவே நீரைப் பார்த்து மீனைத் தெரிவு செய்யுங்கள். மென்னீர் மீன்களின் தொட்டியில் முருகைக்கல்லையும் சிப்பி ஓடுகளையும் இட வேண்டாம். அவை கரைந்து வன்மையைக் கூட்டும்.

3. நைத்திரசன் வட்டம் (மிக முக்கியம்)

மீன் தன் கழிவை அமோனியாவாகப் பெரும்பாலும் பூக்கள் வழியே வெளியேற்றுகிறது. எஞ்சிய உணவு அழுகும்போதும் அமோனியா உண்டாகிறது. இது நஞ்சு. நைத்திரோசோமோனாசு போன்ற பற்றீரியாக்கள் இதனை நைத்திரைற்றாக மாற்றும். இதுவும் நஞ்சே. அடுத்து நைத்திரோபற்றர், நைத்திரோஸ்பைரா போன்றன அதனை நைத்திரேற்றாக மாற்றும். இதன் நச்சுத்தன்மை மிகக் குறைவு.

அமோனியா → நைத்திரைற்று → நைத்திரேற்று

இப்பற்றீரியாக்கள் வடிகட்டியின் பஞ்சிலும் பரலிலும் ஒட்டி வளரும். புதிய தொட்டியில் அவை மிகச் சிலவே இருக்கும். போதியளவு பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் செல்லும். இக்காலத்தில் மீன் இடாது, வடிகட்டியை இயக்கி, நாள்தோறும் சிறிதளவு மீனுணவை இட்டு அழுகவிட வேண்டும். பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டை இட்டால் காலம் குறையும். பரிசோதனையில் அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாகி, நைத்திரேற்று தென்பட்டால் தொட்டி ஆயத்தம்.

நினைவிற் கொள்க: தெளிந்த நீர் எல்லாம் பாதுகாப்பான நீர் அல்ல. அமோனியா கண்ணுக்குத் தெரியாது.

4. மீன் இடலும் பராமரிப்பும்

சிறிய மீன்களுக்கு, வளர்ந்த மீனின் 1 ச.மீ. நீளத்துக்கு 2 இலீற்றர் நீர் என்பது பொது விதி. மேற்கூறிய தொட்டியில் 5 ச.மீ. வளரும் மீன்கள் 20 வரை இடலாம். முதலில் ஐந்தாறு மீன்களை விட்டு, வாரக்கணக்கில் இடைவெளி விட்டு எண்ணிக்கையைக் கூட்டுக. வாரந்தோறும் 20 - 25 சதவீத நீரை மாற்றினால் நைத்திரேற்று குறையும். வடிகட்டிப் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுக.

மின் தடைப்பட்டால் மீனுக்கும் பற்றீரியாவுக்கும் ஒட்சிசன் குறையும். 2022 இன் நீண்ட மின்வெட்டுக்களை நினைத்துப் பாருங்கள். பற்றரியில் இயங்கும் வளிப்பம்பி ஒன்றைத் திட்டமிடும்போதே சேர்த்துக்கொள்வது நல்லது.

மாதிரி வினா

தொட்டி அமைத்த மறுநாள் 20 மீன்கள் இடப்பட்டன. ஐந்தாம் நாள் அவை நீர்மேற்பரப்பில் வாயைத் திறந்து சுவாசித்தன. நீர் தெளிவாக இருந்தது.
(அ) பெரும்பாலும் காரணம் யாது?
(ஆ) உடனடி நடவடிக்கைகள் இரண்டு தருக.

விடை
(அ) பற்றீரியாக்கள் போதியளவு பெருகுமுன் அதிக மீன்கள் இடப்பட்டமையால் அமோனியா சேர்ந்து பூக்கள் பாதிக்கப்பட்டன.
(ஆ) மூன்றிலொரு பங்கு நீரைக் குளோரீன் அற்ற நீரால் மாற்றுதல். உணவை நிறுத்தி வளியூட்டலைக் கூட்டுதல்.

"ஒட்சிசன் குறைவு" என்று மட்டும் எழுதினால் விடை முழுமையாகாது. மறுநாளே மீன் இடப்பட்டது என்ற தரவைப் பயன்படுத்தி, அமோனியா ஏன் சேர்ந்தது என்பதையும் விளக்குங்கள்.