நீலம் எத்தனை சதவீதம்?

நான் சிறுநீரக பயாப்சி பார்க்கும் நோயியல் மருத்துவர். அறிக்கையை எழுதி முடிப்பதற்குள் போன் வந்துவிடும். "மேடம், ஐ.எஃப்.டி.ஏ. எத்தனை பர்சென்ட்?" திசுவில் எவ்வளவு தழும்பாகிவிட்டது, நுண்குழாய்கள் எவ்வளவு சுருங்கிவிட்டன என்று கேட்கிறார்கள். நோயின் பெயரைக்கூடச் சில சமயம் அதற்குப் பிறகுதான் கேட்பார்கள். நோயாளிக்கு இன்னும் எத்தனை காலம் சிறுநீரகம் ஓடும் என்பதை நோயின் பெயரைவிட இந்த எண்தான் பல நேரம் சரியாகச் சொல்கிறது.

திசுவுக்கு மாசன் டிரைக்ரோம் சாயம் ஏற்றினால் செல்கள் சிவப்பாகவும் கொலாஜன் நீலமாகவும் தெரியும். நல்ல சிறுநீரகத்தில் குழாய்கள் நெருக்கியடித்து நிற்கும். நடுவில் நீலம் கீற்றளவுதான். சர்க்கரையும் பிரஷரும் பல வருடம் கட்டுக்கு வராதவரின் திசுவிலோ நீலம்தான் நிறைந்திருக்கும். குழாய்களைத் தேட வேண்டியிருக்கும்.

கொலாஜனை வில்லனாக்க எனக்கு மனம் வராது. தினமும் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிக்கும் சவ்வே நான்காம் வகை கொலாஜனால் ஆனது. கொலாஜன் மூன்று இழை முறுக்கிய கயிறு. அந்த முறுக்கை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் கண்டு சொன்னார்கள். ஒவ்வொரு இழையிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் இருந்தாக வேண்டும். முறுக்கின் நடுவில் வேறு எந்த அமினோ அமிலத்துக்கும் இடம் போதாது. ஆல்போர்ட் நோய் உள்ள பல குடும்பங்களில் அப்படி ஒரே ஒரு கிளைசின்தான் மாறியிருக்கிறது. சவ்வு நைந்து சிறுநீரில் ரத்தம் வரும், காது மந்தமாகும், இளவயதிலேயே டயாலிசிஸ் வரை போகும்.

தழும்பில் சேர்வது பெரும்பாலும் ஒன்றாம், மூன்றாம் வகைகள். சர்க்கரையோ, உயர் அழுத்தமோ, வடிகட்டியில் கசியும் புரதமோ குழாய்ச் செல்களைக் காயப்படுத்துகிறது. அவை டி.ஜி.எஃப். பீட்டா போன்ற சமிக்ஞைகளை விடுகின்றன. அருகிலுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் விழித்துக்கொண்டு கொலாஜனைக் கொட்டுகின்றன. கைக்காயம் ஆறியதும் இந்த வேலை நின்றுவிடும். சிறுநீரகத்தில் காயம் தினமும் படுவதால் நிற்பதில்லை. கொலாஜன் பெருகப் பெருக நுண் ரத்தக்குழாய்கள் குறைந்து, குழாய்ச் செல்களுக்கு ஆக்சிஜன் போதாமல், அதுவே புதுக் காயமாகிறது. தொடங்கிய நோய் எதுவானாலும் முடிவில் ஸ்லைடுகள் ஒன்றுபோலவே தெரிவது இதனால்தான்.

இத்தனையும் நடக்கும்போது கிரியேட்டினின் நார்மலாகவே இருக்கலாம். வடிகட்டும் திறன் ஏறக்குறைய பாதி போன பிறகே அது தெளிவாக ஏறும். அந்த ஒரு எண்ணைப் பார்த்து நிம்மதியாக இருந்தவர்களின் திசுவில் நீலத்தைப் பார்க்கும்போது எனக்கு ஆறவே மாட்டாது. சர்க்கரையோ பிரஷரோ உள்ளவர்கள் வருடம் ஒருமுறை சிறுநீரில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதமும் பார்க்க வேண்டும். அது ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் மறுபடி சோதித்து உறுதி செய்துகொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

கடையில் விற்கும் கொலாஜன் பவுடர் சிறுநீரகத்தில் போய்ப் படியுமா என்று பலர் கேட்கிறார்கள். படியாது, குடலிலேயே செரித்து உடைந்துவிடும். ஆனால் அது புரதம். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்கள் கேட்காமல் சாப்பிடக் கூடாது.

லோசார்ட்டான், டாபாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் வடிகட்டியின் அழுத்தத்தைக் குறைத்துத் தழும்பு பெருகும் வேகத்தைத் தணிக்கின்றன. இருக்கும் தழும்பைக் கரைக்கும் மாத்திரை இதுவரை இல்லை. இருந்தாலும் 1998இல் மினசோட்டா ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு முடிவை நான் விடாமல் சொல்லிவருகிறேன். முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் எட்டுப் பேருக்குக் கணையம் மாற்றிப் பொருத்தினார்கள், சர்க்கரை சீரானது. ஐந்தாம் வருட பயாப்சியில் முன்னேற்றம் எதுவும் இல்லை. பத்தாம் வருடம் பார்த்தால், தடித்திருந்த வடிகட்டிச் சவ்வு இயல்பான அளவுக்கு மெலிந்திருந்தது. அந்த எட்டுப் பேரும் சிறுநீரகம் செயலிழக்கும் முன்பே சிகிச்சைக்கு வந்தவர்கள்.