நிகழாததைச் சொல்லும் இலக்கணம்

ஒன்று நிகழ்ந்தால் இன்னொன்று நிகழும் என இரு செய்திகளைப் பிணைத்து எண்ணுவது மாந்த அறிவின் அடிப்படைத் திறன்களுள் ஒன்று. இப்பிணைப்பைக் காட்டத் தொல்காப்பியம் ‘செயின்’ என்னும் வாய்பாட்டை வினையெச்சங்களுள் வைத்தது. இன்றைய தமிழில் ‘செய்தால்’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘இஃப்’ என்னும் சொல் அப்பணியைச் செய்கிறது. ஆங்கிலம் கற்கும் தமிழர் இடறுவது அச்சொல்லில் அன்று. அதனோடு வரும் வினையின் காலத்தில்தான்.

‘மழை பெய்தால் வீட்டில் இருப்பேன்’, ‘சிறகு இருந்தால் பறப்பேன்’ என்னும் இரு தொடர்களை நோக்குக. முன்னது நடக்கக்கூடியது, பின்னது நடவாதது. ஆயினும் தமிழில் வினைகளின் அமைப்பு இரண்டிலும் ஒன்றே. வேறுபாட்டைக் கேட்பவர் பொருளால் உணர்ந்துகொள்கிறார். ஆங்கிலமோ அவ்வேறுபாட்டை வினையிலேயே பொறித்துவிடுகிறது. முன்னது ‘இஃப் இட் ரெயின்ஸ், ஐ வில் ஸ்டே அட் ஹோம்’ என நிகழ்கால வினையோடு வரும். பின்னது ‘இஃப் ஐ ஹேட் விங்ஸ், ஐ வுட் ஃப்ளை’ என இறந்தகால வடிவம் பூணும். சிறகு நேற்று இருந்ததென்பது அதன் பொருளன்று. இன்று இல்லையென்பதே பொருள். ‘ஹேவ்’ ‘ஹேட்’ ஆனதுபோல் ‘வில்’ என்பதும் தன் இறந்தகால வடிவமான ‘வுட்’ ஆகிறது. இங்கே இறந்தகால வடிவம் காட்டுவது காலத்தின் தொலைவை அன்று, மெய்ம்மையிலிருந்து விலகிய தொலைவை.

இதற்கு மொழிவரலாறும் சான்று தருகிறது. பழைய ஆங்கிலத்தில், நிகழ்ந்ததைச் சொல்லவும் எண்ணத்தில் மட்டும் உள்ளதைச் சொல்லவும் வெவ்வேறு வினை ஈறுகள் இருந்தன. நாளடைவில் ஈறுகள் தேய, இறந்தகாலத்தில் அவை ஒன்றாயின. ‘இஃப் ஐ வேர் யூ’ என்னும் தொடரில் ‘வாஸ்’ வாராமல் ‘வேர்’ வருவது அப்பழைய வேறுபாட்டின் எச்சமே.

கடந்த காலத்திலேயே நிகழாது போனதைச் சொல்ல, ஆங்கிலம் மேலும் ஒரு படி பின்செல்கிறது: ‘இஃப் யூ ஹேட் டோல்ட் மீ, ஐ வுட் ஹேவ் கம்.’ இவ்வகையே கடினமென்று பலர் அஞ்சுவர். ஆனால் தமிழர்க்கு இதுவே எளிது. ‘நீ சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேன்’ என்பதில் ‘இரு’ என்னும் துணைவினை இரு பகுதியிலும் நிற்பதைக் காண்க. அவ்விடங்களிலேயே ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ என்னும் துணைவினை நிற்கிறது, முதற்பகுதியில் ‘ஹேட்’ என வடிவு மாறி.

இது தேர்வுக்கு மட்டும் உரிய இலக்கணம் அன்று. ‘இம்மருந்தை உண்ணாதிருந்தால் நோய் நீங்கியிருக்குமா?’ என்னும் வினாவின்றி மருத்துவ ஆய்வு இல்லை. காரணம் என்பதையே இத்தகைய தொடர்களால் விளக்க முனைந்தவர் அமெரிக்க மெய்யியலாளர் டேவிட் லூயிஸ். இத்தொடர்களின் பொருளை ஆராயும் அவரது ‘கவுன்டர்ஃபாக்சுவல்ஸ்’ என்னும் நூல் 1973-இல் வெளிவந்தது.

ஆகவே, ஆசிரியர்கள் ‘இஃப்’ தொடர்களை முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என எண்ணிட்டு மனப்பாடம் செய்விப்பதோடு நின்றுவிடலாகாது. சொல்லவரும் செய்தி நடக்கக்கூடியதா, இன்று மெய்யல்லாததா, முன்பே கைநழுவியதா என மாணவரை முதலில் வினவச் செய்க. விடை தெளிந்தால் வினையின் வடிவம் தானே அமையும்.