கயிற்றில் கட்ட முடியாத வாசனை

மும்பைக்குக் குளிர் என்று ஒன்று வருவதே டிசம்பர், ஜனவரியில்தான். செம்பூரிலிருந்தோ மாட்டுங்காவிலிருந்தோ விடியற்காலையில் தாதர் வந்து போரிவலி லோக்கல் பிடித்தால், சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. நகரத்துக்குள்ளேயே நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு! கான்ஹேரி குகைகள் வரை நடக்கலாம். வீட்டு நாயும் கூட வந்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றும். ஆனால் வளர்ப்பு நாய்களுக்கு அங்கே அனுமதி இல்லை. ஏன் என்று டீயைக் குடித்தபடியே பார்ப்போம்.

"கயிறு என் கையில்தானே இருக்கிறது, யாரையும் துரத்தப் போவதில்லையே" என்பார்கள். எல்லோருக்கும் தோன்றும் நியாயம்தான். ஆனால் கயிறு தடுப்பது துரத்தலை மட்டும். சமையலறைக் கதவைச் சாத்தினாலும் தாளிப்பு வாசனை பக்கத்து வீட்டுக்குப் போகிறதல்லவா, அப்படித்தான் நாயின் வாசனையும். மானுக்கு அது வேட்டையாடும் மிருகத்தின் வாசனை. கயிறு இருக்கிறதா என்று அது நின்று பார்க்காது. மேய்ச்சலை விட்டு ஓடும்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு அருகே காட்டுப் பாதைகளில் நாய்களைக் கயிற்றில் பிடித்தபடியே நடத்தினார்கள். 2007-ல் முடிவு வெளியானது: பறவைகளின் எண்ணிக்கை 41 சதவீதமும், அவற்றின் வகைகள் 35 சதவீதமும் குறைந்திருந்தன. தினமும் நாய்கள் நடக்கிற பாதைகளில்கூடப் பறவைகள் பழகிக்கொள்ளவில்லை. என்னைக் கேட்டால், இந்த ஒன்றே போதுமான காரணம்.

அடுத்தது நோய். நாய்களைத் தாக்கும் கெனைன் டிஸ்டெம்பர் வைரஸ் பெரிய பூனை இனங்களுக்கும் தொற்றும். 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, பரிசோதனையில் இந்த வைரஸ் தெரிந்தது. தடுப்பூசி போட்ட நாயால் ஆபத்து குறைவுதான். ஆனால் எந்த நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்பதைக் காவலர் வாசலில் நின்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

இனி சிறுத்தை. "நாய் கூட இருந்தால் சிறுத்தை கிட்டே வராது" என்பார்கள். இங்கே நிலைமை நேர்மாறு. இந்தப் பூங்காவைச் சுற்றி வாழும் சிறுத்தைகளின் உணவில் சுமார் 40 சதவீதம் தெருநாய்கள் என்று 2018-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 நாய்கள். நமக்குக் காவலாக வருவது சிறுத்தையின் கண்ணுக்கு இரை. மிரண்ட நாய் எஜமானரின் காலடிக்குத்தான் ஓடிவரும், பின்னால் துரத்துவதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு.

ஆகவே பூங்காவுக்கு நாம் மட்டும் போவோம். நாயோடுதான் மலையேற வேண்டுமென்றால், போகும் இடம் சரணாலயமா என்று முதலில் விசாரிக்க வேண்டும். மும்பைக்கு அருகேயுள்ள கர்னாலாவும் துங்காரேஷ்வரும் சரணாலயங்கள்தான்; அங்கும் இதே காரணங்கள் பொருந்தும். வேறு இடமென்றால் நன்றாக வெளிச்சம் வந்தபின் கிளம்பி, பொழுது சாயும் முன்பே இறங்கிவிடுங்கள். கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள். பூங்காவின் எல்லைக்கோடு சிறுத்தைக்குத் தெரியாது.