365 படி ஏறினாலும் ஒரு இட்லிதான் கரையும்... எடை ஏன் குறைய மாட்டேங்குது?

"நாலு மாசமா தினமும் மலை ஏறுறேன்க்கா. சோத்தைக் குறைச்சிட்டு கேவுரு களிதான் சாப்பிடுறேன். வடை, பஜ்ஜி பக்கமே போறதில்ல. ஆனா மெஷின்ல முள்ளு நகரவே மாட்டேங்குது!"

"உனக்காவது நகரல. எனக்கு அரை கிலோ ஏறியிருக்கும்மா!"

திருத்தணி மலைப்படிகளில் விடியற்காலையில் கொஞ்சம் காதைத் தீட்டிக்கொண்டு ஏறினால், இப்படி ஒரு புலம்பல் காதில் விழாமல் போகாது. முருகனுக்கு வேண்டிக்கொண்டு ஏறுபவர்களோடு, இடுப்பளவுக்காக ஏறுபவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் பொய் சொல்லவில்லை, சோம்பேறிகளும் இல்லை. "என் உடம்பு வாகு அப்படி, இனிமே ஏறி என்ன பிரயோஜனம்?" என்று ஒரு நாள் நிறுத்திவிடுவார்கள் பாருங்கள், உண்மையான நஷ்டம் அதுதான்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். வருஷத்தின் நாள்களைக் குறிக்கும் 365 படிகள். படிக்கு அரை அடி உயரம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 55 மீட்டர். 70 கிலோ எடையுள்ள ஒருவர் அவ்வளவு உயரம் ஏற, உடம்பு செலவழிப்பது தோராயமாக 40 கலோரி. இறங்குவதையும் சேர்த்தால் 50, 60 வரலாம். ஒரு இட்லியிலேயே ஏறக்குறைய அவ்வளவு இருக்கிறது!

மூச்சு வாங்கி, வேர்த்துக் கொட்டி, கால் நடுங்க ஏறியதற்கு ஒரே ஒரு இட்லியா? கேட்கவே கடுப்பாகத்தான் இருக்கும். இன்னொரு கடுப்பும் இருக்கிறது. கொழுப்பு கரையும் என்று காலையில் வெந்நீரில் கலந்து குடிக்கிறோமே ஒரு டேபிள்ஸ்பூன் தேன், அதில் சுமார் 60 கலோரி. ஏறியதும் இறங்கியதும் அதிலேயே நேராகிவிட்டது.

சரி, ரெண்டு தடவை ஏறினால்? அங்கேயும் உடம்பு ஒரு வேலை காட்டுகிறது. தான்சானியாவில் ஹட்சா என்ற வேட்டைக்குடியினர் இருக்கிறார்கள். தினமும் மைல் கணக்கில் நடப்பவர்கள். ஹெர்மன் பொன்ட்சர் என்ற ஆய்வாளரின் குழு அவர்கள் ஒரு நாளில் செலவிடும் கலோரியை அளந்து 2012-ல் வெளியிட்டது. உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் மேலைநாட்டவரின் செலவுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை! உழைப்பு கூடும்போது உடம்பு வேறு செலவுகளைச் சுருக்கிக்கொள்கிறது என்பது பொன்ட்சரின் விளக்கம். போதாததற்கு நாமும் சுருக்கிக்கொள்கிறோம். காலையில் மலை ஏறிய தைரியத்தில் மார்க்கெட்டுக்கு ஷேர் ஆட்டோ, மதியம் ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம்!

அடுத்து சாப்பாடு. "நான் ஹெல்த்தியா தான் சாப்பிடுறேன்" என்ற வாக்கியத்தில் 'எவ்வளவு' என்பது இல்லை. 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி என்றால், கேழ்வரகில் 320. நார்ச்சத்து, கால்சியம் என்று கேழ்வரகுக்குப் பெருமைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உருண்டை பெரிதானால் கணக்கு ஒன்றுதான். அதிலும் ஆந்திரப் பக்கத்து சங்கட்டியில் அரிசியும் சேர்ந்தே வேகும்.

இதை நம்ம ஊர் ஆராய்ச்சியே சொல்கிறது. சென்னை மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் ஐ.சி.எம்.ஆரும் நாடு முழுக்க 1.2 லட்சம் பேரிடம் எடுத்த உணவு ஆய்வு 2025-ல் வெளியானது. இந்தியர்களின் கலோரியில் 62 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று மாற்றினால் மட்டும் சர்க்கரை நோய், தொப்பை அபாயம் குறையவில்லை. மொத்த மாவுச்சத்தைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, தயிர் போன்ற புரதம் வந்தால்தான் பலன்.

எண்ணெயையும் பாருங்கள். பலகாரம் சுடாத வீட்டிலும் தாளிப்பு, பொரியல், ஆவக்காய் என்று அது உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும். நாலு பேர் இருக்கும் வீட்டில் மாதம் 4 லிட்டர் தீர்ந்தால், ஆளுக்குத் தினம் சுமார் 270 கலோரி எண்ணெயிலிருந்து மட்டும். அதைக் கரைக்க மலையை அஞ்சு தடவை ஏறி இறங்க வேண்டும். முதலில் 3 லிட்டருக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

'முதல் ரெண்டு வாரம் மடமடன்னு குறைஞ்சுது, அப்புறம் நின்னுபோச்சு' என்பவர்களுக்கு: ஆரம்பத்தில் போனதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பில் சேமித்திருக்கும் மாவுச்சத்து கரையும்போது, அதோடு ஒட்டியிருக்கும் நீரும் வெளியேறும். கொழுப்பு அப்படி அவசரப்படாது.

அப்போ படி ஏறுவது வீணா? இல்லவே இல்லை. எடை இறங்காவிட்டாலும் வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் படிந்த கொழுப்பு உடற்பயிற்சியால் குறையும். இன்சுலின் ஒழுங்காக வேலை செய்யும், தசை தேயாது. இதெல்லாம் எடை மெஷினுக்குத் தெரியாது, இன்ச் டேப்புக்கு ஓரளவு தெரியும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபிறகு அளக்க வேண்டும். இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90-க்குள் இருக்கணும். மாதம் ஒரு முறை அளந்தால் போதும்.

அளவையும் பார்த்துச் சாப்பிட்டு, மூணு மாதமாக இன்ச்சும் அசையவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு குறைவு, பி.சி.ஓ.டி., குறட்டையோடு கெடும் தூக்கம் இவற்றில் ஏதாவது இருக்கலாம். ஸ்டீராய்டு, இன்சுலின், சில சர்க்கரை மாத்திரைகள், சில மனநல மருந்துகள்கூட எடையைக் கூட்டும். அதற்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சாப்பிடும் மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள், மாற்று இருந்தால் அவரே எழுதித் தருவார்.