மருந்தும் மரபும்

கொட்டகலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டமொன்றிலே, வலிப்பு நோய்க்கு மருந்துண்ணத் தொடங்கிய ஓர் இளைஞனுக்கு மூன்றாம் வாரத்திற் காய்ச்சல் காண்கிறது எனக் கொள்க. கண்கள் சிவக்கின்றன, தொண்டை நோகிறது, வாயிலே புண் தோன்றுகிறது. மறுநாள் மார்பிலும் முதுகிலும் செந்நிறத் தடிப்புகள் எழுந்து கொப்புளங்களாகின்றன. லயத்திலுள்ள மூத்தோர் அதனை அம்மை என்று எண்ணுவது இயல்பே. வாசலில் வேப்பிலை செருகப்படும். வைத்தியசாலைக்குச் செல்வது தள்ளிப்போகும். வலிப்பு மருந்தோ வழக்கம்போல நாள்தோறும் கொடுக்கப்படும். அன்பினாலும் பக்தியினாலும் செய்யப்படும் இக்காரியத்திலேதான் பேராபத்து மறைந்திருக்கின்றது. ஏனெனில், இஃது அம்மையாக இல்லாமல், உண்ட மருந்தினாலேயே விளைந்த நோயாக இருத்தல் கூடும்.

இந்நோயை 1922ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்களான ஸ்டீவன்ஸ், ஜோன்சன் என்போர் சிறுவர் இருவரிடத்தே கண்டு விவரித்தனர். அவர்கள் பெயராலேயே அது வழங்கப்படுகின்றது. 1956ஆம் ஆண்டில் அலன் லயல் என்னும் தோல் மருத்துவர், தீயில் வெந்ததுபோல உடலின் பெரும்பகுதித் தோல் உரிந்துவிடும் கொடிய நிலையை எடுத்துக்காட்டினார். இவ்விரண்டும் ஒரே நோயின் இரு படிகள் என்பது இன்றைய மருத்துவர் கருத்து. உடற்பரப்பில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குக் குறைவாகத் தோல் உரிந்தால் அது முன்னையது. முப்பது பங்குக்கு மேற்பட்டால் பின்னையது. முன்னையதில் ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவரும், பின்னையதில் ஏறத்தாழ மூவரில் ஒருவரும் உயிரிழக்கின்றனர். பிழைத்தோரிற் சிலருக்குக் கண்ணில் வடு விழுந்து பார்வை குன்றிவிடுவதும் உண்டு.

இத்துணைக் கொடிய நோய் மிக அரிதாகவே வருகின்றது. பத்து இலட்சம் மக்களுள் ஆண்டொன்றுக்கு ஒரு சிலரையே அது பற்றுகிறது. ஒரே மருந்தை ஆயிரக்கணக்கானோர் உண்டு நலமடைய, ஒருவர் மட்டும் துன்புறுவது ஏன்? மருந்தின் குற்றமா, மருத்துவரின் குற்றமா, அன்றி விதியா? நெடுங்காலம் விடையின்றி இருந்த இவ்வினாவிற்கு 2004ஆம் ஆண்டில் தாய்வான் நாட்டு ஆய்வாளர்கள் ஒரு விடை கண்டனர்.

கார்பமசெப்பின் என்பது 1953இல் சுவிற்சர்லாந்தில் ஆக்கப்பட்ட மருந்து. வலிப்பு நோய்க்கும் முகத்து நரம்பு வலிக்கும் பெரிதும் பயன்படுவது. அதனை உண்டு இத்தோல் நோய்க்கு ஆளான 44 பேரை அவ்வாய்வாளர்கள் சோதித்தனர். அந்த 44 பேரிடத்தும் எச்.எல்.ஏ.-பி 15:02 என்னும் பரம்பரையலகு வகை காணப்பட்டது. அதே மருந்தை உண்டு தீங்கின்றி இருந்த 101 பேருள் மூவரிடம் மட்டுமே அஃது இருந்தது.

இப்பரம்பரையலகின் தொழில் யாது? நம் உடற் கலங்களின் மேற்பரப்பிலே ஒருவகைப் புரதங்கள் உள்ளன. கலத்தினுள்ளே இருப்பவற்றின் சிறு துணுக்குகளை ஏந்தி, காவல் புரியும் வெண்குழியங்களுக்குக் காட்டுவது அவற்றின் கடமை. காவலர் அவற்றைப் பார்த்து, நம்மவரா அயலவரா எனத் தெளிவர். இப்புரதங்கள் ஆளுக்கு ஆள் வேறுபட்ட வடிவின. 15:02 வகையின் வடிவிலே கார்பமசெப்பின் நன்கு பொருந்தி அமர்ந்துவிடுகின்றது. அந்நிலையிற் சிலரிடத்தே காவற் குழியங்கள் தம் உடலின் கலங்களையே பகையென மயங்கித் தாக்குகின்றன. அவை சொரியும் நச்சுப் புரதத்தால் தோலின் கலங்கள் மடிகின்றன.

பரம்பரையலகுகள் தாயிடமிருந்து ஒரு பாதியும் தந்தையிடமிருந்து ஒரு பாதியுமாக வருவன. பெற்றோருள் ஒருவர் இவ்வகையின் ஒரு படியை உடையவராயின், பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அது கிடைக்கும் வாய்ப்பு இரண்டிலொன்று. திருச்சி, சேலம், மதுரை முதலிய பகுதிகளிலிருந்து கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமாக மலையேறிய மக்கள், தத்தம் முன்னோரின் பரம்பரையலகுகளையும் தம்மோடு கொண்டுவந்தனர். மாமன் மகளையும் அத்தை மகனையும் மணந்து, ஒரே லயத்தில் உறவினர் பலர் வாழும் சூழலில், ஒருவரிடம் உள்ள அலகு அடுத்த காம்பராவில் வாழும் உறவினரிடமும் இருத்தல் கூடும்.

இஃது இந்திய வமிசத்தினருக்குப் புறம்பான செய்தியன்று. இந்தியாவிற் கார்பமசெப்பினால் இந்நோயுற்ற எண்மரைச் சோதித்த ஆய்வொன்றில் அறுவரிடம் இவ்வகை காணப்பட்டதென 2009இல் வெளியாயிற்று. இந்தியர் உள்ளிட்ட தென்னாசியருள் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேர் வரை இதனை உடையவர் என்பது அமெரிக்க மருந்து அதிகாரசபையின் மதிப்பு. சில குழுக்களில் இது மிகுதியாகவும் இருக்கலாம். ஆயினும், இவ்வலகுடையோருட் பெரும்பாலோர்க்கு இந்நோய் வருவதில்லை. இல்லாதோர் முற்றும் பாதுகாப்புற்றவரும் அல்லர். வேறு மருந்துகளுக்கு வேறு அலகுகள் உண்டு. கீல்வாத வகையொன்றுக்குக் கொடுக்கப்படும் அலோபியூரினோலுக்கு 58:01 வகையும், தொழுநோய் மருந்தாகிய டப்சோனுக்கு 13:01 வகையும் ஆபத்தைக் குறிப்பனவாக அறியப்பட்டுள்ளன.

முன்னறிந்தால் தடுக்கவியலும் என்பதற்கும் சான்றுண்டு. தாய்வானில் 4,877 பேரைச் சோதித்து, அவ்வலகுடையோருக்குக் கார்பமசெப்பினைத் தவிர்த்தனர். வழமைப்படி பத்துப் பேரளவில் நோயுற்றிருத்தல் வேண்டும். ஒருவர்கூட நோயுறவில்லை என 2011இல் அறிவிக்கப்பட்டது. தமிழரும் வாழும் சிங்கப்பூரில், ஆசிய வமிசத்தினருக்கு இம்மருந்தைப் புதிதாகத் தொடங்குமுன் இச்சோதனை செய்வது 2013ஆம் ஆண்டில் முறையாக்கப்பட்டது. பரம்பரையலகு வாழ்நாளில் மாறுவதில்லை. ஆகவே ஒருமுறை சோதித்தாற் போதும்.

சோதனை எட்டாதவிடத்து விழிப்பே காவலாகும். இவ்வகை மருந்துகளைத் தொடங்கிய முதலிரண்டு மாதங்களே பெரிதும் அஞ்சத்தக்கவை. அக்காலத்திற் காய்ச்சலோடு கண் சிவத்தல், வாய்ப்புண், தோலில் தடிப்பு என்பன தோன்றினால், அடுத்த வேளை மருந்தை விழுங்காது, அன்றே கொட்டகலை வைத்தியசாலைக்கோ டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ விரைதல் வேண்டும். உண்ட மருந்துகள் அனைத்தையும் உடன் கொண்டுசெல்லல் நன்று. மாற்று மருந்து யாதென மருத்துவர் தீர்மானிப்பார். குறியேதுமின்றி, அச்சத்தினால் மட்டும் வலிப்பு மருந்தை நிறுத்துவது பெரும் பிழை. திடீரென நிறுத்தினால் இடைவிடாத வலிப்பு நேர்ந்து உயிருக்கே ஊறாகலாம்.

ஒருமுறை இந்நோயுற்றுப் பிழைத்தவர், அதனை விளைத்த மருந்தின் பெயரைக் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதுவித்துக்கொள்ளல் வேண்டும். அதனை மீண்டும் உண்ணலாகாது. உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் மருத்துவரிடம் அச்செய்தியைக் கூறுதல் வேண்டும். அம்மைக்கென வாசலிற் செருகிய வேப்பிலை அங்கேயே இருக்கட்டும். நோயாளி மட்டும் அவ்வாசலைக் கடந்து, பொழுது சாயுமுன் வைத்தியசாலை சேர்ந்துவிடுதல் வேண்டும்.