குழவியின் தலையும் குலுக்கலின் தீங்கும்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது பழமொழி. வளர்ந்தோரின் தலை அவர்தம் உயரத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகும். பிறந்த குழவியின் தலையோ அதன் நீளத்தில் நான்கில் ஒரு பங்காக அமைந்துள்ளது. அப்பெருந்தலையைத் தாங்கவேண்டிய கழுத்துத் தசைகள் வலிமையற்றவை. குழந்தை ஐந்தாந் திங்களளவில் தலைநிமிர்த்தி ஆடுதலைச் செங்கீரைப் பருவமெனப் பிள்ளைத்தமிழ் நூலார் வகுத்தனர். அதற்கு முற்பட்ட காலத்தில் அத்தலைக்குப் பிறர் கையே தாங்கலாகும். தாங்கவேண்டிய கையே சினத்தினாற் குழந்தையைக் குலுக்குமாயின் விளையுந் தீங்கு யாது, அதனைத் தடுக்கும் வழி யாது என்பன யாவரும் அறியற்பாலன.

குழவியின் மூளை நீர்ச்செறிவு மிக்கது, மிக மென்மையானது. அதன் மேற்பரப்பிலிருந்து, அதனைப் போர்த்துள்ள தடித்த சவ்வை நோக்கி, இரத்தத்தைக் கொண்டுசெல்லும் நுண்ணிய நாளங்கள் பாலம்போல் அமைந்துள்ளன. குழந்தையை மார்பிலோ புயத்திலோ பற்றி வன்மையாகக் குலுக்கும்போது தலை முன்னும் பின்னுமாக வீசப்படுகின்றது. மண்டையோடும் மூளையும் ஒரே கதியில் அசையாமையால் அந்நாளங்கள் இழுபட்டு அறுகின்றன. சவ்வின் கீழ் இரத்தம் பரவுகின்றது; மூளை வீங்குகின்றது; சுவாசம் தடைப்படின் கேடு பன்மடங்காகின்றது. விழித்திரையிலும் இரத்தக் கசிவு காணப்படும். சில விநாடிகளில் முடிந்துவிடும் இச்செயலால் உயிரே நீங்குதலும் உண்டு. உயிர் தப்பியோருக்குப் பார்வையிழப்பு, வலிப்பு, அறிவு வளர்ச்சிக் குறை, கைகால் வழங்காமை ஆகியன வாழ்நாள் முழுதும் தொடரலாம். இத்தனையும் நிகழ்ந்த பின்னும் புறத்தே ஒரு சிறு தழும்பும் தோன்றாதிருக்கக்கூடும்.

இக்காரணத்தால் வைத்திய உலகமும் இதனை நெடுங்காலம் கண்டறியவில்லை. 1946ஆம் ஆண்டில் அமெரிக்க எக்ஸ்கதிர் நிபுணர் ஜோன் கஃபி என்பார், மூளைச் சவ்வின் கீழ் இரத்தங் கட்டிய ஆறு குழந்தைகளின் கைகால் எலும்புகளில் முறிவுகளும் இருத்தலை எடுத்துக்காட்டினார். 1971ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் ஹல் நகரிற் பணியாற்றிய மூளைச் சத்திரவைத்தியர் நோர்மன் குத்கெல்ச், தலையில் அடிபடாமலே குலுக்குதலால் இத்தகைய இரத்தப்போக்கு நிகழலாமென எழுதினார். அடித்தலினுங் குலுக்குதல் தீங்கு குறைந்ததென்ற எண்ணம் அக்காலத்து ஆங்கிலேயப் பெற்றோரிடையே நிலவியமையையும் அவர் கருத்திற்கொண்டார். கஃபியும் 1972, 1974 ஆகிய ஆண்டுகளில் இப்பொருள்பற்றி விரிவாக எழுதினார். தீங்கற்றதெனக் கருதப்பட்ட செயலே பெருந்தீங்காதல் இவ்வாறு வெளிப்பட்டது.

இச்செயலுக்குப் பெரும்பாலும் தூண்டுகோலாவது குழந்தையின் ஓயாத அழுகையே. 1962ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் பெரி பிறேசல்ரன், எண்பது குழந்தைகளின் தாய்மார் எழுதிய நாட்குறிப்புகளை ஆராய்ந்தார். ஆறாவது வாரமளவில் அழுகை நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரமாக உச்சமடைந்து, பின்னர் படிப்படியாகக் குறைதலை அவர் கண்டார். மாலை வேளையில் அது மிகுந்திருந்தது. ஆகவே, பாலூட்டியும் தாலாட்டியும் ஓயாத அழுகை நோயின் அறிகுறியாதல் வேண்டுமென்பதில்லை, வளர்ப்போரின் குறையுமன்று, குழந்தையின் பிடிவாதமுமன்று. வளர்ச்சியின் ஒரு படியாகிய அது தானே நீங்கும். இதனை அறியாதவரே உறக்கமின்றிச் சோர்ந்த வேளையிற் பொறுமையிழக்கின்றனர்.

இவ்வறிவைப் பரப்பும் முயற்சி 1998ஆம் ஆண்டின் இறுதியில் மேற்கு நியூயோர்க் வைத்தியசாலைகளில் தொடங்கியது. தாயுஞ் சேயும் வீடு திரும்புமுன் பெற்றோர் இருவருக்கும் குலுக்குதலின் கேடு விளக்கப்பட்டது. இத்தகைய காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தனவென 2005ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ஆயினும் அம்முறையே பென்சில்வேனியா மாநிலத்திற் பின்பற்றப்பட்டபோது அத்தகைய குறைவு காணப்படவில்லை. அறிவுரையை ஒருமுறை கேட்டல் மாத்திரம் போதாது. சோர்ந்த கைக்கு மாற்றுக் கையும் வேண்டும்.

அழுங் குழந்தைக்குப் பசியோ, ஈரமோ, காய்ச்சலோ உண்டா என முதலில் நோக்குதல் வேண்டும். காய்ச்சல் முதலிய நோய்க்குறி காணின் வைத்தியரிடங் காட்டுதல் வேண்டும். ஒரு குறையுமின்றியும் அழுகை ஓயாது, தூக்கியிருப்பவருக்குச் சினம் மூளுமாயின், குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, சிறிது அப்பாற் சென்று மனம் ஆறுதல் வேண்டும். சில நிமிடங்களின் பின் மீண்டும் வந்து பார்க்கலாம், பிறரைத் துணைக்கழைக்கலாம். இது கடமை தவறுதலன்று, காத்தலேயாம். மெதுவாகத் தொட்டிலாட்டுதலும் மடியில் வைத்துக் கொஞ்சுதலும் இக்காயத்தை விளைவிப்பனவல்ல. குழந்தை குலுக்கப்பட்டபின் வாந்தி, மயக்கம், வலிப்பு, பால் மறுத்தல், சுவாசத் தடை ஆகியன தோன்றுமுன்னரே வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று, நிகழ்ந்ததை ஒளியாது கூறுதல் வேண்டும். மறைத்தலாற் சிகிச்சைக்குரிய காலம் வீணாகும்.

இவ்வறிகுறிகளைக் கண்டமாத்திரத்தே ஒருவரைக் குற்றவாளியாகக் கொள்ளுதலுந் தகாது. இரத்தம் உறையாமைக் குறைபாடு, பிரசவகாலக் காயம், தற்செயலான விபத்து ஆகியனவும் ஒத்த குறிகளைக் காட்டலாம். வேறு காரணங்களை ஆராயாது தீர்ப்பளித்தலைக் குத்கெல்ச் அவர்களே தமது முதுமையிற் கண்டித்தார்.

மகப்பேறு, குழந்தை வளர்ப்பு என்பன பெண்களுக்கேயுரிய பாடமென ஒதுக்கப்படுதல் வழக்கம். ஆயின் இச்செயலில் ஆடவரின் கையே மிகுதியுங் காணப்படுகின்றது. ஆகவே, நாளை தந்தையராகவிருக்கும் மாணவரும், இன்றே தமையனாராகவும் மாமனாராகவும் குழந்தைகளை ஏந்துவோரும் இதனைக் கற்றிருத்தல் வேண்டும். அழுகை சில திங்களில் அடங்கிவிடும். அதுவரை பொறுத்திருக்கும் கைகளே குழந்தைக்கு அரணாகும்.